சிக்னல்ஸ் அதிகாரியின் மார்புப் பட்டி

கொள்ளிடத்துக்கு வடக்கே: படைவீரர் வரலாறு – 14

சென்ற பகுதி மேஜர் மாரியப்பன் சரவணனின் வீர் சக்ராவோடு முடிந்தது. பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த அவர் 1999 மே 29 அன்று படாலிக் மலையில் உயிர் கொடுத்தார். உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. திருச்சி கன்டோன்மென்டில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மண்ணச்சநல்லூரிலிருந்தும் சமயபுரத்திலிருந்தும் திருச்சிக் கல்லூரிகளுக்கு பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பதக்கத்துக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது, சொல்லக் கதை இருக்கிறது. அதனால் அது ஊரின் நினைவில் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். இந்தப் பகுதியில் நான் எடுத்துக்கொள்வது வேறொரு பட்டி. முப்பது வருஷம் ராணுவத்தில் இருந்து, அந்த முப்பதையும் சிக்னல்ஸ் படையிலேயே கழித்த ஓர் அதிகாரியின் மார்பில் என்ன இருக்கும்? இரண்டு மூன்று வரிசை ரிப்பன் இருக்கும். அவற்றில் ‘சேவா’ என்று வரும் பெயர்கள் நிறைய; ‘சக்ரா’ என்று வருவது அபூர்வம். பார்த்தவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: இவர் சண்டைக்குப் பின்னால் இருந்தவர், ஆபீஸ்காரர். அந்த முடிவு தவறு என்று இங்கே காட்ட முயல்கிறேன். பதக்கப் பட்டி நல்ல வரலாற்று ஆவணம். ஆனால் ஒருவர் எவ்வளவு துணிந்தார் என்பதை அது அளப்பதில்லை. அவர் செய்தது யார் கண்ணில் பட்டது, அந்தச் செய்தி எந்த வழியாக மேலே போனது, அந்தப் போரை அரசு எப்படி நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது என்பவற்றையே அது சொல்கிறது. சிக்னல்ஸ் அதிகாரி ஒருவரின் பட்டியில் இது தெரிவதுபோல வேறெந்தப் பட்டியிலும் தெரியாது.

முதலில் பட்டியை வாசிக்கும் முறை. மார்பில் இருப்பவை எல்லாவற்றையும் நாம் பதக்கம் என்றே சொல்கிறோம். உள்ளே இரண்டு தனி வகை இருக்கின்றன. ஒன்று, குறிப்பிட்ட ஒரு செயலுக்கோ சிறப்பான பணிக்கோ ஒருவரைத் தேர்ந்து கொடுப்பது. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதலே செல்லும் என்று அறிவிக்கப்பட்டவை. சேனா பதக்கம் 1960-ல் வந்தது. அதே 1960-ல் விசிஷ்ட சேவா பதக்கம் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று வந்து, 1967-ல் பரம் விசிஷ்ட, அதி விசிஷ்ட, விசிஷ்ட சேவா என்று பெயர் மாறியது. மஞ்சள் ரிப்பனில் கருநீலக் கோடு ஒன்று இருந்தால் பரம் விசிஷ்ட, இரண்டு இருந்தால் அதி விசிஷ்ட, மூன்று இருந்தால் விசிஷ்ட சேவா. இரண்டாவது வகை, குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் பணியில் இருந்த எல்லோருக்கும் உரியது. 1965 போருக்கு ரக்ஷா பதக்கம், சமர் சேவா நட்சத்திரம். 1971-க்கு சங்க்ராம் பதக்கம், பூர்வி நட்சத்திரம், பஸ்சிமி நட்சத்திரம். எல்லைப்புறப் பணிக்கு சைன்ய சேவா பதக்கம். ஒன்பது, இருபது, முப்பது வருஷ நீண்ட பணிக்குத் தனித்தனி. சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டுக்கு ஒன்று, 50-ஆம் ஆண்டுக்கு ஒன்று. முதல் வகை, இவரைப் பற்றி மேலதிகாரி என்ன எழுதினார் என்பதைச் சொல்கிறது. இரண்டாம் வகை, இவர் எங்கே இருந்தார் என்பதைச் சொல்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பட்டியைப் பார்த்துத் தாத்தாவின் வாழ்க்கையைக் கட்டி எழுப்ப விரும்பும் பேரப்பிள்ளைக்கு, பெரும்பாலும் இரண்டாம் வகைதான் அதிகம் பேசும்.

இந்தியாவில் சிக்னல்ஸ் படை பிறந்தது 1911 பிப்ரவரி 15 அன்று. லெப்டினன்ட் கர்னல் பவல் என்ற பொறியாளர் படை அதிகாரியின் கீழ் ஃபத்தேகட்டில் முதல் சிக்னல் கம்பெனிகள் எழுந்தன. அதற்கு முன்பு தந்தியும் கொடி சைகையும் சாப்பர்கள் என்ற பொறியாளர் படையினர் கையில் இருந்த வேலை. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்களில் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். இன்று ஜவான்களுக்கு ஜபல்பூரிலும் கோவாவிலும், அதிகாரிகளுக்கு மௌவிலும் பயிற்சி. நூறு வருஷத்துக்கு மேல் வயதான, எல்லாப் போரிலும் இருந்த படை இது. ஆனால் இதுவரை பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் சிக்னல்ஸ் படையைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. இருபது பேர் தரைப்படை, ஒருவர் விமானப்படை. தரைப்படையின் இருபதில் காலாட்படையும் டாங்குப் படையும் போக, பொறியாளர் படையிலிருந்து 1948-ல் ராமா ரகோபா ராணே இருக்கிறார். தமிழர் என்றால் மகார் ரெஜிமென்டின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இருக்கிறார். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர் நீத்தவர். சிக்னல்ஸ் பகுதி மட்டும் காலி. அந்த வெற்றிடத்தைப் பார்த்து அந்தப் படையில் துணிச்சல் குறைவு என்று முடிவு கட்டினால், ஆவணத்தை நாம் தலைகீழாக வாசிக்கிறோம்.

காரணம் பதக்கத்தின் விதியிலேயே இருக்கிறது. பரம் வீர், மகா வீர், வீர் சக்ரா மூன்றுக்கும் அடிப்படை நிபந்தனை ஒன்று: செயல் எதிரியின் முன்னிலையில் நடந்திருக்க வேண்டும். இனி சிக்னல்ஸ் அதிகாரி நிற்கும் இடத்தைப் பாருங்கள். பட்டாலியனுக்குள் கம்பெனியிலிருந்து கம்பெனிக்கு ஒயர்லெஸ் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் அந்தக் காலாட்படையின் சொந்த ஆள். சிக்னல்ஸ் படைக்காரர் இல்லை. சிக்னல்ஸ் படையின் பொறுப்பு பட்டாலியனிலிருந்து பிரிகேடுக்கு, பிரிகேடிலிருந்து டிவிஷனுக்கு, டிவிஷனிலிருந்து கோருக்கு, அங்கிருந்து டில்லி வரை. லைன் போடுவது, அறுந்த லைனை இரவில் தேடிப் போய் முடிவது, எக்ஸ்சேஞ்சை ஓட்டுவது, பேட்டரிகளைச் சார்ஜ் செய்து மலைக்கு ஏற்றுவது, அலைவரிசை பிரித்துக் கொடுப்பது, சங்கேதக் குறியீட்டை மாற்றி எழுதுவது எல்லாம் இதில் அடங்கும். சண்டை நடக்கும் இடத்திலிருந்து சில மைல் தள்ளி, பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்துக்குள், ஆனால் எதிரி முகம் தெரியாத இடத்தில் நடக்கிற வேலை. இது சரியாக நடந்தால் யாருக்கும் தெரியாது. தளபதி டெலிபோனை எடுத்தார், பேசினார், வைத்தார். அவ்வளவுதான் அன்றைய குறிப்பில் ஏறும். நடக்காவிட்டால்தான் எல்லோருக்கும் தெரியும். கண்மாய் மடை போல: தண்ணீர் பாயும் நாளில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். உயிரைப் பணயம் வைத்தவருக்கான பதக்கம், பணயம் வைக்காதவருக்கு ஏன் இல்லை என்று கேட்பது சரியா? சரியில்லை. வீர் சக்ராவின் நிபந்தனையைத் தளர்த்தி, பின்னாலிருந்து உழைத்தவர்களுக்கும் அதைப் பகிர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிப் பகிர்ந்தால் சரவணனின் பதக்கத்துக்குப் பொருள் குறையும். ஆனால் சிக்னல்ஸ்காரர் பணயம் வைக்காதவர் என்ற முன்முடிவைத்தான் சோதிக்க வேண்டும். 1915 ஆகஸ்டில் கல்லிப்போலியில், சுனுக் பைர் குன்றின் மேல் நியூசிலாந்து டிவிஷன் சிக்னல் கம்பெனியின் கார்ப்பரல் சிரில் பாசெட் பட்டப்பகலில், ஓயாத துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, டெலிபோன் லைன் போட்டார். அறுந்த இடங்களைத் திரும்பத் திரும்பப் போய் முடிந்தார். அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. கல்லிப்போலியில் நியூசிலாந்துப் படைக்குக் கிடைத்த ஒரே விக்டோரியா கிராஸ் அதுதான். பின்னாளில் அவர் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசியதில்லை. தன் தோழர்களுக்குக் கிடைத்தவை மரச் சிலுவைகள் மட்டும்தான் என்ற வேதனை அவரிடம் கடைசிவரை இருந்தது. அவர் செயல் பதக்கமானது ஏன்? அந்தக் குன்றில் லைன் போடும் வேலை காலாட்படையின் கண் எதிரே நடந்தது, பார்த்தவர்கள் இருந்தார்கள். அதே துணிச்சல் ஒரு மைல் பின்னால், இருட்டில், இரண்டு பேர் மட்டும் போன பழுதுபார்க்கும் வேலையில் நடந்திருந்தால் அது ஒரு கம்பெனி நாட்குறிப்பில் ‘லைன் சரி செய்யப்பட்டது’ என்ற வரியோடு நின்றிருக்கும்.

நம் நாட்டு உதாரணத்துக்கு வருவோம். கே.கே. திவாரி என்ற பெயர் தமிழ் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லை. ஓய்வுக்குப் பின் நம் பக்கத்தில், ஆரோவில்லில் வாழ்ந்தவர் என்றாலும். மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்ற அவர் தொழில்முறையில் முழுக்க முழுக்க சிக்னல்ஸ் அதிகாரி. பெயருக்குப் பின்னால் எழுதப்படுபவை பி.வி.எஸ்.எம்., ஏ.வி.எஸ்.எம். அதாவது பரம் விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா. இரண்டும் ‘சேவா’. பட்டியை மட்டும் பார்ப்பவர் ஒரு நல்ல நிர்வாகியை ஊகிப்பார். ஆனால் 1962 அக்டோபரில் லெப்டினன்ட் கர்னல் திவாரி நான்காம் டிவிஷனின் சிக்னல்ஸ் கமாண்டர். ஏழாம் பிரிகேடு நம்கா சூ ஆற்றங்கரையில், சாலை முடிந்த இடத்திலிருந்து பல நாள் நடைக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்தது. அந்தப் பிரிகேடோடு தொடர்பு சரியாக இல்லை. டிவிஷன் தலைமையகத்தில் உட்கார்ந்து அறிக்கை கேட்டிருக்கலாம். விதியும் அதற்கு இடம் தந்தது. அவர் தாமே அந்த ஆற்றங்கரைக்குப் போனார். அக்டோபர் 20 விடியற்காலையில் சீனர்கள் குண்டு மழை பொழிந்தபோது முன்வரிசையில், கூர்க்கா பட்டாலியன் ஒன்றோடு இருந்தார். சிறைபிடிக்கப்பட்டார். பிரிகேடு கமாண்டர் ஜான் தல்வியும் இரண்டு நாளில் பிடிபட்டார். பல மாதங்கள் திபெத்தில் கைதிகளாக இருந்தபின் 1963-ல்தான் அவர்கள் திரும்பினார்கள். இந்த அனுபவத்துக்கு என்று இந்தியாவில் ஒரு பதக்கமும் கிடையாது. அமெரிக்கா 1985-ல் போர்க்கைதிகளுக்கென்றே தனிப் பதக்கம் நிறுவியது. நம்மிடம் அப்படியொன்று இல்லை. ஆகவே, அவர் வாழ்க்கையில் எதிரிக்கு மிக அருகில் நின்ற நாளுக்கு அவர் மார்பில் தனி ரிப்பன் எதுவும் இல்லை.

இதற்கும் ஒரு கடுமையான மறுப்பு உண்டு. நம்கா சூவில் தொடர்பு அறுந்தது சிக்னல்ஸ் படையின் தோல்வி தானே, அதற்கு மரியாதை எதற்கு? தொடர்பு அறுந்தது உண்மை. சீனர்களின் தாக்குதல் தொடங்கிய அன்று காலையிலேயே பட்டாலியன்களுக்கும் பிரிகேடுக்கும் இடையே பேச்சு நின்றுபோனது. ஆனால் அந்த அறுப்புக்கு வேர் எங்கே? உயரம் கடல் மட்டத்துக்கு மேல் பல ஆயிரம் அடி. லைன்கள் மண்ணுக்கு மேல் கிடந்தன. புதைக்க நேரமும் ஆளும் இல்லை. ஒயர்லெஸ் செட்டுகள் பழையவை. கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். சார்ஜ் ஏற்ற எஞ்சின் வேண்டும், எஞ்சினுக்கு பெட்ரோல் வேண்டும், பெட்ரோலை மனிதர்கள் முதுகில் சுமக்க வேண்டும். விமானத்திலிருந்து போட்ட சாமான்கள் காட்டிலும் பள்ளத்திலும் விழுந்து பாதிக்கு மேல் கைக்கு வராத இடம் அது. அங்கே பிரிகேடை நிறுத்தியது அரசியல் முடிவு. எதைக் கொண்டு அங்கே பேசுவது என்பதை அந்த முடிவு எடுத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. சிக்னல்ஸ் படைக்குள்ளும் பிழைகள் இருந்திருக்கும். அதைக் கண்டறிவதற்கும் அந்தப் படையின் ஆட்கள் எங்கே நின்றார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். கமாண்டரே முன்வரிசையில் பிடிபட்டார் என்பது அந்தக் கேள்விக்கு ஒரு பதில்.

இப்போது பட்டியின் இரண்டாம் வகையைப் பாருங்கள். 1965 போருக்குத் தனிப் பதக்கமும் தனி நட்சத்திரமும். 1971-க்குத் தனிப் பதக்கமும் இரண்டு நட்சத்திரங்களும். 1962-க்கு? தனிப் பதக்கம் எதுவும் இல்லை. 1947-ன் பொதுச் சேவைப் பதக்கத்தின் ரிப்பனில் குத்திக்கொள்ள ஒரு சிறு உலோகப் பட்டை: ‘நேஃபா 1962’ (நேஃபா என்பது அன்றைய வடகிழக்கு எல்லைப்புறம்), ‘லடாக் 1962’. அவ்வளவுதான். அந்தப் போரில் நின்றவர்களின் துணிச்சல் குறைவாக இருந்ததால் அப்படி ஆகவில்லை. அந்தப் போரில் பரம் வீர் சக்ரா மூன்று பேருக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு மாதப் போரில் மூன்று என்பது சிறிய எண்ணிக்கை இல்லை. தோற்ற போரை நினைவுபடுத்த அரசுக்கு மனமில்லை. வென்ற போருக்கு நட்சத்திரம், தோற்ற போருக்குப் பட்டை. 1962-ல் நம்கா சூவிலும் 1971-ல் கிழக்கு வங்கத்திலும் இருந்த ஒருவரின் பட்டியில் முதல் அனுபவம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கி, இரண்டாவது மின்னும். பதக்கப் பட்டியை வைத்து வாழ்க்கை எழுதுகிறவர் இந்த எடைக்குறைவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

1962-ன் பதக்கங்களில் இன்னொரு பாடம் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளியாக நான் கருதுவது அதுதான். லடாக்கில் சிரிஜாப் காவல் நிலையில் மேஜர் தன் சிங் தாபா கடைசிவரை போரிட்டார். தொடர்பு அறுந்துபோனது. அவர் இறந்துவிட்டார் என்று கருதி, மறைவுக்குப் பின் வழங்கும் பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. பிறகுதான் அவர் சீனர்களின் கைதியாக உயிரோடு இருப்பது தெரிந்தது. ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் குமாவோன் கம்பெனி நவம்பர் 18 அன்று கிட்டத்தட்ட முழுதாக மடிந்தது. தப்பி வந்த சிலர் சொன்னதை முதலில் பலர் நம்பவில்லை. 1963 பிப்ரவரியில் ஆட்டிடையர் ஒருவர் கண்டு சொன்ன பிறகு, உறைபனியில் ஆயுதம் பிடித்தபடியே கிடந்த உடல்களைக் கண்டுதான் உண்மை நிலைபெற்றது. வீரம் இருந்தது, அதைச் சொல்லும் கம்பி இல்லை. பதக்கம் என்பது நடந்த செயலுக்குக் கிடைப்பது என்று நினைக்கிறோம். நடைமுறையில் அது வந்து சேர்ந்த செய்திக்குக் கிடைப்பது. படாலிக்கில் சரவணனின் கடைசி நிமிடங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட பேச்சு, திரும்பி வரச் சொன்ன மேலதிகாரிக்கும் இலக்கு பக்கத்தில்தான் என்று சொன்ன அவருக்கும் இடையே ஒயர்லெஸ்ஸில் நடந்தது. ஒயர்லெஸ் இல்லாத இடத்தில் அந்தப் பேச்சே நமக்கு இல்லை. பிறருடைய வீரத்துக்குச் சான்று கொண்டுபோகும் வேலை சிக்னல்ஸ் படையுடையது; அவர்களுடைய வீரத்துக்குச் சான்று கொண்டுபோக வேறு படை இல்லை.

1971-க்கு வருவோம். திவாரி அப்போது கல்கத்தா ஃபோர்ட் வில்லியத்தில் கிழக்குக் கட்டளையகத்தின் தலைமை சிக்னல் அதிகாரி. அந்தப் போர் பதின்மூன்று நாளில் முடிந்தது என்றே எல்லோரும் சொல்கிறோம். டிசம்பர் 3-ல் தொடங்கியது, 16-ல் டாக்காவில் சரணடைவு, 93,000 பேர் கைதி. ஆனால் சிக்னல்ஸ் அதிகாரிக்கு அந்தப் போர் அதற்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிட்டது. மேற்கே கிருஷ்ணநகரில் இரண்டாம் கோர், வடக்கே சிலிகுரியில் முப்பத்துமூன்றாம் கோர், கிழக்கே திரிபுராவில் நான்காம் கோர், மேகாலயாவிலிருந்து இறங்க இன்னொரு படைத்தொகுதி. இடையே முழுக்க ஆறுகள். இரண்டாம் கோர் அந்த வருஷம்தான் புதிதாக எழுப்பப்பட்டது. திரிபுராவிலோ ஒரு கோர் முழுவதையும் தாங்கும் டெலிபோன் வசதி அதுவரை தேவைப்பட்டதே இல்லை. அந்த வலையைப் பருவமழைக்கு நடுவே, எதிரிக்குத் தெரியாமல் கட்ட வேண்டும். டிசம்பர் 9 முதல் ஹெலிகாப்டர்களில் மேக்னா நதியைத் தாண்டிய துருப்புகள் மறுகரையில் கால் வைத்த நிமிடத்திலிருந்து அவர்களோடு பேச வேண்டும். 11-ஆம் தேதி டாங்காயில் பாராசூட்டில் இறங்கிய பட்டாலியன், வடக்கிலிருந்து வரும் படையோடு சேர வேண்டும். இவையெல்லாம் நடந்தன. நடந்ததால்தான் யாரும் அவற்றைப் பற்றிக் கதை சொல்வதில்லை.

ஒரு கதை மட்டும் வெளியே வந்தது. டிசம்பர் 14 அன்று நண்பகல் டாக்கா கவர்னர் மாளிகையில் உயர்மட்டக் கூட்டம் நடக்கப்போகிறது என்ற பாகிஸ்தான் செய்தியை நம் சிக்னல் ஒட்டுக்கேட்பு நிலையம் பிடித்தது. கட்டளையகத்தின் படைப்பணித் தலைவராக (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்) இருந்த ஜேக்கப் தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். செய்தி விமானப்படைக்குப் போனது. விங் கமாண்டர் பிஷ்னோய் தலைமையில் மிக்-21 விமானங்கள் கூட்ட நேரத்தில் மாளிகையைத் தாக்கின. கவர்னர் மாலிக் அன்றே பதவி விலகினார். சரணடைவை விரைவுபடுத்திய நிகழ்வுகளில் இது முக்கியமானது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. விமானிகளின் பெயர் எல்லோருக்கும் தெரியும். காதில் ஹெட்போன் வைத்து அந்த வரியைப் பிடித்தவரின் பெயர் பொதுவெளியில் பேசப்படுவதில்லை. ஒட்டுக்கேட்பின் வெற்றியை வெளியே சொன்னால் எதிரி அலைவரிசையையும் குறியீட்டையும் மாற்றிவிடுவான். ஆகவே இந்த வேலைக்குப் பாராட்டு கிடைத்தாலும் அதன் காரணத்தை எழுத முடியாது. காரணம் எழுத முடியாத செயலுக்கு வீரப் பதக்கம் கிடைப்பது மிகக் கடினம். கிடைக்கக்கூடியது, பொதுவான சொற்களில் ‘சிறப்பான சேவை’ என்று எழுதி முடிக்கும் பதக்கம்தான்.

இந்த இடத்தில் கடைசி மறுப்பையும் எடுத்துக்கொள்கிறேன். பரம் விசிஷ்ட சேவா பதக்கம் பதவியோடு வருவது. லெப்டினன்ட் ஜெனரல்கள் பலருக்கும் குடியரசு தினப் பட்டியலில் கிடைக்கிறது. அதை வைத்து என்ன நிரூபிக்க முடியும்? இதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்க நான் முயலவில்லை. அது உயர் அதிகாரிகளைச் சுற்றியே சுழலும் பதக்கம்தான். ஆனால் அந்த உண்மை என் வாதத்துக்குத் துணையே நிற்கிறது. 1971-ல் போர் நடத்திய தளபதிகளில் சிலருக்கும் இதே பதக்கம்தான். அமைதிக் காலத்தில் ஒரு பயிற்சிக் கல்லூரியைச் செம்மையாக நடத்தியவருக்கும் இதே பதக்கம்தான். ஆகவே ரிப்பனை மட்டும் பார்த்து, இவர் போரில் என்ன செய்தார் என்று சொல்லவே முடியாது. சேனா பதக்கத்திலும் நெடுங்காலம் இதே குழப்பம்: வீரச் செயலுக்கும் அதைக் கொடுக்கலாம், கடமைப் பற்றுக்கும் கொடுக்கலாம். அரசுக்கே இந்தக் குறை தெரிந்தது. 1980-ல் சர்வோத்தம் யுத்த சேவா, உத்தம் யுத்த சேவா, யுத்த சேவா என்று மூன்று பதக்கங்கள் நிறுவப்பட்டன. போர்க்காலத்தில் சிறப்பான பணி செய்தவர்களுக்கு. எதிரியின் முன்னிலை என்ற நிபந்தனைக்கும் வெறும் ‘சேவை’ என்ற சொல்லுக்கும் இடையே இருந்த பள்ளத்தை நிரப்பும் முயற்சி அது. 1962-லும் 1965-லும் 1971-லும் அந்தப் பள்ளத்தில் நின்றவர்களுக்கு அது மிகத் தாமதமாக வந்தது. அவர்கள் பட்டிகளை யாரும் திருத்தி எழுதவில்லை.

மண்ணச்சநல்லூரிலோ லால்குடியிலோ, சிக்னல்ஸில் பணியாற்றிய ஒருவரின் பட்டி வீட்டில் இருந்தால், கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிப் பதக்கங்களின் விளிம்பைப் பாருங்கள். படைவீரர் எண், பதவி, பெயர், பிரிவு பெரும்பாலும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். முன்பக்கச் சின்னத்தைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். அதை வைத்தே அவர் எந்த டிவிஷனோடு, எந்தக் கோரோடு இருந்தார் என்று தேடத் தொடங்க முடியும். பொதுச் சேவைப் பதக்கம் இருந்தால் அதன் ரிப்பனில் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ‘நேஃபா 1962’ என்று இருந்தால் அந்த வீட்டில் இன்னும் யாரும் கேட்காத ஒரு கதை இருக்கிறது. பூர்வி நட்சத்திரம் இருந்தால் 1971 டிசம்பரில் அவர் கிழக்கே இருந்தார். ஜவான்களின் பணிப் பதிவேடு ஜபல்பூரில் உள்ள சிக்னல்ஸ் ஆவண அலுவலகத்தில் இருக்கும். அதிகாரிகளுடையது டில்லித் தலைமையகத்தில். குடும்பத்தார் எழுதிக் கேட்கலாம். வழி தெரியாவிட்டால் திருச்சியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். பதிவேட்டில் கிடைக்கும் யூனிட் பெயரையும் தேதிகளையும் அந்தப் போரின் அச்சான வரலாறுகளோடு சேர்த்து வைத்தால், ‘சேவா’ என்ற சொல்லுக்குள் எந்த ஆறு, எந்த மலை, எந்த இரவு இருந்தது என்பது ஓரளவு தெரியவரும். அடுத்த பகுதியில் 1965-க்குப் போகிறோம். சமர் சேவா நட்சத்திரம் யாருக்கு, ரக்ஷா பதக்கம் யாருக்கு என்ற பிரிப்பு நம் மாவட்டத்து வீரர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.